நூற்றுக்கு மேல் நாலு காய்

அனுப்புபவன்:
ம. ராஜையன்,
தேங்காய், கொப்பரை வியாபாரம்,
ஈத்தவிளை, அருமனை வழி,
விளவங்கோடு தாலுகா,
தென் திருவிதாங்கூர்.

பெறுபவர்:
கல்வி இலாகா டைரக்டர் அவர்கள்,
திருவனந்தபுரம்.

விஷயம்: ஈத்தவிளைப் பெண் பாடசாலை ஆசிரியை நேசம்மாளை வேலையிலிருந்து விலக்கிய உத்தரவை ரத்து செய்யவும், நான்காம் வகுப்புப் பெண்கள் பதின்மூன்று பேருக்கு மறுபரீட்சை வைக்கவும், வியாழக்கிழமைச் சந்தைப் பாடம் தொடர்ந்து நடக்க அனுமதிக்கவும் கோருவது.

பார்வை: கொல்லம் 1108 ஐப்பசி 20-ஆம் தேதி, “ஈத்தவிளைப் பொதுமக்கள்” என்ற பெயரில் இலாகாவுக்கு வந்த புகார் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

கீழே கையெழுத்திட்டிருக்கும் மனுதாரன் தங்கள் சமூகத்துக்குப் பணிந்து எழுதிக்கொள்வது:

1. மனுதாரன் மேற்படி ஊரில் இருபத்திரண்டு வருஷமாகத் தேங்காய் வியாபாரம் செய்து வருகிறவன். சுற்றுவட்டாரத்துத் தென்னை விளைகளில் வெட்டும் தேங்காயை வியாழக்கிழமைச் சந்தையில் நூறு நூறாக வாங்கி, நல்லதைக் காயாகவும் மற்றதைக் கொப்பரையாகவும் குளச்சலுக்கும் கோட்டாற்றுக்கும் வண்டியேற்றுகிறவன். படித்தது நான்காம் வகுப்பு. ஆகவே இம்மனுவில் எழுத்துப் பிழையோ மரியாதைக் குறைவோ கண்டால் அது அறியாமையால் வந்தது என்று பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்வையில் கண்ட மனு இதைவிட மிக அழகான தமிழில் இருந்தது. அதன் காரணம் கீழே வரும்.

2. ஈத்தவிளைப் பெண் பாடசாலை சர்க்கார் உதவி பெறும் நான்கு வகுப்புப் பள்ளி. ஓலைக் கூரை, செம்மண் சுவர். 1106-ஆம் ஆண்டில் ஆசிரியை நேசம்மாள் இங்கு வந்தார். முறையான பயிற்சி பெற்றவர். வயது முப்பத்தைந்து இருக்கும். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டார். அவர் வரும்போது நான்காம் வகுப்பில் மூன்று பெண்கள் இருந்தார்கள். இவ்வருஷம் பதினாலு பேர். மனுதாரனின் ஒரே மகள் தங்கபாய், வயது பதினொன்று, அவர்களில் ஒருத்தி.

3. இந்த ஆசிரியைதான் வியாழக்கிழமைச் சந்தைப் பாடத்தைத் தொடங்கியவர். பிற்பகல் மணி இரண்டானதும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளைச் சிலேட்டும் குச்சியுமாகச் சந்தைக்கு அழைத்து வருவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கடை. மரச்சீனிக் கிழங்கு விற்பவளிடம் ஒருத்தி, நல்லமிளகு விற்பவனிடம் ஒருத்தி, மண்பானைக்காரியிடம் ஒருத்தி என்று போய் நிற்க வேண்டும். சரக்கு எங்கிருந்து வந்தது, எத்தனை கை மாறி வந்தது, எவ்வளவு கெட்டது, எவ்வளவு மிஞ்சியது, ஏன் மிஞ்சியது என்று கேட்டு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் வகுப்பின் முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்வி யாருடைய காதிலும் விழவில்லை, அவ்வளவு மெதுவாகக் கேட்டார்கள். பிறகு சந்தைக்கே கேட்டது.

ஒரு முறை ஒரு பிள்ளை மண்பானைக்காரிக்குப் போட்டுக்கொடுத்த கணக்கில் பிழை வந்து எட்டுப் பானை குறைந்துபோனது. ஆசிரியை பிள்ளையை அடிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை சந்தை நடுவில் நிறுத்தி அவளையே சொல்ல வைத்தார். “எனக்க கணக்கு தெத்திப்போச்சு அக்கா, பொறுத்துக்கிடணும்” என்று அந்தப் பிள்ளை சொன்னதை மனுதாரன் தன் காதால் கேட்டான். பானைக்காரி சிரித்துவிட்டு அவளுக்கு ஒரு சின்னச் சட்டி கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சந்தையில் தன் பிழையைத் தானே எழுந்து நின்று சொன்ன வேறொருவரை மனுதாரன் பார்த்ததில்லை. தன்னையும் சேர்த்தே சொல்கிறான்.

4. இனி வருவது விளங்க, எங்கள் சந்தையில் தேங்காய் எண்ணும் முறையைத் தாங்கள் அறிய வேண்டும். கைக்கு இரண்டாக நாலு காயை ஒரே தடவையில் தூக்கிப் போடுவோம். அது ஒரு கை. இருபத்தைந்து கை போட்டால் நூறு. நூறு முடிந்ததும் விற்கிறவர் மேலே இன்னும் ஒரு கை போட வேண்டும். அதற்கு மேல்காய் என்று பெயர். குவியலில் அழுகல், உள்ளே வற்றிய பேட்டுக்காய் கிடந்தால் வாங்குகிறவனுக்கு நஷ்டம் வராமல் இருக்க முன்னோர் வைத்த ஏற்பாடு என்பார்கள். ஆகவே எங்கள் சந்தையில் நூறு தேங்காய் என்றால் நூற்றுநாலு தேங்காய். ஐம்பது என்றால் ஐம்பத்திரண்டு. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். திருவனந்தபுரத்தில் சமையலுக்கு ஒன்றும் இரண்டுமாகத் தேங்காய் வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

5. சென்ற தை மாதம் 20-ஆம் தேதி பாடசாலை இன்ஸ்பெக்டர் அவர்கள் நேரில் வந்து நான்காம் வகுப்புக்குப் பரீட்சை நடத்தினார். கணக்கில் ஐந்தாவது கேள்வி இது: “ஒரு விளையில் 1,300 தேங்காய்கள் வெட்டப்பட்டன. அவற்றைச் சந்தையில் வியாபாரிக்கு நூறு நூறாக விற்றால் எத்தனை நூறு விற்கலாம்?” அவர் எதிர்பார்த்த விடை பதின்மூன்று. பதினாலு பெண்களில் பதின்மூன்று பேர் எழுதியது பன்னிரண்டரை. ஒருத்தி மட்டும் பதின்மூன்று என்று எழுதினாள்.

6. பதின்மூன்று பேர் ஒரே தவறான விடையை எழுதினால் அது தற்செயலாக இருக்க முடியாது என்று இன்ஸ்பெக்டர் அவர்கள் கருதினார். இதில் மனுதாரன் அவரைக் குறை கூறவில்லை. பதின்மூன்று மூட்டையில் ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால் மனுதாரனும் எலியைத் தேட மாட்டான், ஆளைத்தான் தேடுவான். அவர் பகவதியம்மாள் என்ற விதவையின் மகளை எழுப்பி, இந்த விடையை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அந்தப் பெண், “ஆரும் சொல்லித் தரல்ல சார். சந்தையில எல்லாருக்கும் தெரியும்” என்றாள். அறிக்கையில் இது, “விடை பரீட்சைக்கு முன்பே சந்தையில் பரவியிருந்ததை மாணவி ஒப்புக்கொண்டாள்” என்று பதிவாகியிருக்கிறது. ஆசிரியை எழுந்து விளக்கம் சொல்ல முயன்றார். விளக்கத்தை எழுத்து மூலம் அனுப்பும்படி சொல்லப்பட்டது. அனுப்பினார். பதில் வரவில்லை, மாசி 3-ஆம் தேதி உத்தரவுதான் வந்தது.

அந்த உத்தரவின்படி ஆசிரியையின் சர்ட்டிபிகேட் பங்குனி முதல் தேதியிலிருந்து செல்லாது. அதன்பின் அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் சொல்ல முடியாது. பதின்மூன்று பெண்களின் பெயருக்கு எதிரே “விடை திருடியவர்” என்று எழுதப்பட்டு, ஒரு வருஷம் எந்தப் பரீட்சையும் எழுதக்கூடாது என்று தடுக்கப்பட்டிருக்கிறது. ஆண் பிள்ளைக்கு ஒரு வருஷம் போனால் ஒரு வருஷம்தான் போகும். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு ஒரு வருஷம் போனால் படிப்பே போகும். இப்போதே நாலு பேர் கதம்பை அடிக்கப் போய்விட்டார்கள். தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்து நார் எடுக்கும் வேலை அது. ஒரு தடவை அந்த வேலைக்குப் போன கை மறுபடி சிலேட்டைத் தொட்டு மனுதாரன் பார்த்ததில்லை.

7. கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். 1,300-ஐ நூறால் வகுக்க, பின்னால் உள்ள இரண்டு சைபரைத் தட்டிவிட்டால் போதும். கணக்கே தெரியாதவனும் செய்வான். பன்னிரண்டரை வர வேண்டுமானால் நூற்றுநாலால் வகுக்க வேண்டும். பன்னிரண்டு நூற்றுநாலு ஆயிரத்திருநூற்று நாற்பத்தெட்டு. மீதி ஐம்பத்திரண்டு. மேல்காயோடு சேர்ந்த அரை நூறு. சொச்சம் ஒன்றும் இல்லை. கேள்வியில் “சந்தையில் வியாபாரிக்கு” என்று இருந்தது. சந்தையில் வியாபாரிக்கு விற்றால் என்ன நடக்கும் என்பதை அந்தப் பெண்கள் எழுதினார்கள். எளிய கணக்கை விட்டுவிட்டுக் கஷ்டமான கணக்கைத் திருடுகிற திருடர் உலகத்தில் எங்கேனும் உண்டா என்று தாங்கள் விசாரிக்க வேண்டும்.

8. இனி, இன்ஸ்பெக்டர் அவர்கள் அன்று ஏன் சந்தேகத்தோடு வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். இந்த இடத்திலிருந்து “மனுதாரன்” என்று எழுதக் கை வரவில்லை. “நான்” என்றே எழுதுகிறேன்.

சென்ற ஆவணி மாதம் சந்தைப் பாடத்தில் என் கடை என் மகளுக்கே வந்தது. நான் பெருமைப்பட்டேன். நான் எண்ணுவதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “அப்பா, நூறுண்ணா நூறுதானே? அந்த நாலும் ஆருக்க தேங்கா?” அழுகலுக்காக வைத்தது மக்கா என்று சொன்னேன். “அப்பம் அழுகல் எத்தனைண்ணு எண்ணியிட்டுண்டா?” என்றாள். இல்லை. நானும் எண்ணியதில்லை, என் அப்பாவும் எண்ணியதில்லை.

ஆசிரியை வந்து, பிள்ளைகள் என் முற்றத்தில் எண்ணிப் பார்க்க அனுமதி கேட்டார். கொடுத்தேன். தோற்பேன் என்று நினைத்திருந்தால் கொடுத்திருப்பேனா? ஐந்து நூறு, அதாவது ஐந்நூற்றிருபது காய். பதினாலு பேரும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு காயையும் காதருகில் வைத்துக் குலுக்கினார்கள், தட்டினார்கள், சந்தேகமானதைத் தனியே வைத்து உடைத்தார்கள். ஒரு நாள் முழுவதும் ஆனது. மேல்காயாக எனக்கு வந்தது இருபது. கெட்டுப்போனது ஆறு. மிச்சம் பதினாலு. அந்தப் பதினாலும் நல்ல காய். ஒரு பிள்ளையும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

9. புரட்டாசியில் பகவதியம்மாள் தன் ஒன்பது தென்னையின் காயைச் சந்தைக்குக் கொண்டுவந்தாள். நூறு எண்ணி முடிந்ததும் மேலே ஒரு கை போடவில்லை. ஒரே ஒரு காய் போட்டாள். “பிள்ளையள் எண்ணிப் பாத்துட்டுதான் சொல்லுது அண்ணாச்சி. கெட்ட காய்க்கு ஒண்ணு தாறேன். நாலு தரமாட்டேன். வேணும்ணா நீங்களே தட்டிப் பாத்து எடுங்க” என்றாள். கணவன் இறந்தபின் அவள் சந்தையில் வாய் திறந்து பேசியதை அன்றுதான் கேட்டேன். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பெண்கள் கூடையோடு நின்றார்கள். ஆளுக்கு ஒரு காய் போட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடம் என்றால் எழுத்தும் ஜெபமும் சொல்லிக்கொடுக்க வேண்டும், என் முற்றத்தில் வந்து என் காயை எண்ணுவது என்ன படிப்பு என்று தோன்றியது. என் தங்கை மகன் குமாரதாஸை அழைத்து ஒரு மனு எழுதச் சொன்னேன். பார்வையில் கண்ட மனு அதுதான். “ஈத்தவிளைப் பொதுமக்கள்” என்பது நானும் குமாரதாஸும். வேறு பொதுமக்கள் அதில் இல்லை.

“ஆசிரியை பிள்ளைகளுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறார்” என்று எழுது என்றேன். குமாரதாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்படி எழுதினா காரியம் நடக்காது மாமா. ‘கல்வியின் புனிதத்துக்குப் பங்கம்’ண்ணு எழுதணும். ‘விடைகளை முன்னமே போதிக்கிறார்’ண்ணும் ஒரு வரி சேத்துக்கிடுவோம், கனமா இருக்கும்” என்றான். சேர்த்தோம். அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் அவர்கள் வந்தார். வந்த இடத்தில் பதின்மூன்று பேர் ஒரே விடை எழுதியிருந்தால் அவர் வேறு என்னதான் நினைப்பார்? மனுவின் அழகு குமாரதாஸுடையது. பொய் என்னுடையது. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இங்கே கேடு நினைத்தவன் நான், கெட்டது அந்த ஆசிரியை.

10. பதின்மூன்று என்று எழுதிய அந்த ஒருத்தி என் மகள் தங்கபாய். மேல்காயைப் பற்றி அவளைவிட நன்றாகத் தெரிந்தவள் அந்த வகுப்பில் இல்லை. ஏன் அப்படி எழுதினாய் என்று அன்று மாலை கேட்டேன். “அவளுவ சந்தையில நடக்குததை எழுதியிருக்காளுவ. நான் நடக்க வேண்டியதை எழுதினேன்” என்றாள். இன்ஸ்பெக்டர் அவர்கள் அவளை முன்னால் அழைத்து, இந்த வகுப்பில் யோக்கியமானவள் நீ ஒருத்திதான் என்று சொல்லி, தேர்ச்சிப் பத்திரம் ஒன்றைத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்திருக்கிறார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்ததையும், உட்காரச் சொல்லிவிட்டதையும் பகவதியம்மாளின் மகள் பின்னர் சொன்னாள்.

பத்திரத்தை வாங்கும்போது மேசையில் விரித்துக் கிடந்த புகார் மனுவை அவள் பார்த்திருக்கிறாள். அது என் கடைக் கணக்குப் புஸ்தகத்திலிருந்து கிழித்த தாள். ஓரத்தில் தேங்காயெண்ணெய்க் கறை இருந்தது. அந்தப் புஸ்தகத்துக்குக் கோடு போட்டுத் தருகிறவளே அவள்தான். வீட்டுக்கு வந்து நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு பத்திரத்தைக் கொப்பரைக் குவியலின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

11. கல்வியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கொடுக்கல் வாங்கலில் இருக்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தங்கை மகன் குமாரதாஸ் பள்ளி இறுதிப் பரீட்சை தேறியவன். இரண்டு குழாய் திறந்தால் ஒரு தொட்டி எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்வான். ஈத்தவிளையில் ஒரு குழாயும் இல்லை, ஒரு தொட்டியும் இல்லை. ஆறு வருஷமாகச் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறான். மிச்ச நேரத்தில் பிறருக்கு மனு எழுதுகிறான். நல்ல பையன், சோம்பேறி இல்லை. ஆனால் அவன் கற்றதெல்லாம் வேறொருவர் போட்ட நாற்காலியில் உட்காரத்தான். நாற்காலி வரவில்லை என்றால் என்ன செய்வது என்று பத்து வருஷப் படிப்பில் ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவனே எனக்கு அழகான எழுத்தில் எழுதிக் காட்டுவான்.

எல்லாப் பிள்ளைகளும் வியாபாரி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வியாபாரி ஆவது எல்லாருக்கும் நல்லதில்லை, இம்மனுவே அதற்குச் சாட்சி. கண்முன் நடப்பதைப் பார்க்கவும், பார்த்ததை எண்ணவும், எண்ணியதை நாலு பேர் முன்னால் நின்று சொல்லவும், ஒரு காரியத்தைத் தானே துணிந்து தொடங்கவும், தப்பாகிப்போனால் தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்ளவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தவன் கடை வைத்தாலும் பிழைப்பான், கச்சேரிக்குப் போனாலும் பிழைப்பான். இவ்வளவையும் அந்த ஆசிரியை ஒரு ஓலைக் கூரைப் பள்ளியில் வாரத்துக்கு ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்தார். அதற்கென்று இலாகாவிடம் அவர் ஒரு சல்லியும் கேட்கவில்லை. மிச்ச நாலரை நாளும் பாடபுத்தகத்தில் உள்ளதைத்தான் நடத்தினார். அதிலும் குறை வைக்கவில்லை.

அப்பிள்ளைகள் எண்ணியதால் என் வியாபாரம் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கார்த்திகை முதல் காய் விற்கும் பெண்கள் தாங்களே பேட்டுக்காயைக் கழித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். குளச்சலில் என் காயை இப்போது பிரித்துப் பார்க்காமல் இறக்குகிறார்கள். சந்தையில் மற்ற வியாபாரிகள் இன்றும் நாலுதான் வாங்குகிறார்கள், நான் மேல்காய் ஒன்றுதான் வாங்குகிறேன். நான் மகான் ஆகிவிடவில்லை. அந்த ஒன்றையும் விட இன்னும் மனம் வரவில்லை.

12. உத்தரவு வந்த அன்று ஆசிரியை என் கடைக்கு வந்து குழம்புக்கு ஒரு தேங்காய் வாங்கினார். எடுத்துக் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு, “மனுவில உங்க பேரைப் போட்டிருக்கலாமே அண்ணாச்சி. நான் வந்து பேசியிருப்பேனே” என்றார். பரீட்சை அன்று மேசையில் கிடந்த அந்த எண்ணெய்க் கறைத் தாளை அவரும் பார்த்திருக்கிறார். காசு கொடுத்துவிட்டுத்தான் போனார். அன்றிரவு சாப்பிட முடியவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். மண்பானைக்காரியிடம் பிழை செய்த பிள்ளையைப்போலச் சந்தை நடுவில் நின்று சொல்லிவிடலாம் என்று சென்ற வியாழக்கிழமை போனேன். நாக்கு எழவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இருந்த துணிவு நாற்பத்தாறு வயதில் எனக்கு இல்லை. ஆகையால் தபாலில் சொல்கிறேன். இம்முறை பெயரைப் போட்டிருக்கிறேன்.

13. எனவே தாங்கள் கருணை கூர்ந்து,

அ) பார்வையில் கண்ட புகார் மனு பொய்யானது என்றும், அதைக் கொடுத்தவன் நானே என்றும் பதிவு செய்து, அதற்குரிய தண்டனை எதுவானாலும் அதை எனக்கு விதிக்க வேண்டும். குமாரதாஸ் நான் சொன்னதை எழுதியவன். அவனை விட்டுவிட வேண்டும்.

ஆ) பங்குனி முதல் தேதிக்கு முன் ஆசிரியை நேசம்மாளின் சர்ட்டிபிகேட்டைத் திரும்பச் செல்லுபடியாக்க வேண்டும். தேதி தாண்டினால் அவர் ஊரைவிட்டுப் போய்விடுவார். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார்.

இ) பதின்மூன்று பெண்களின் பெயருக்கு எதிரே எழுதியதை அடித்துவிட்டு மறுபரீட்சை வைக்க வேண்டும். தேங்காயைப் பற்றிக் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. ஐயம் இருந்தால் தாங்களோ தங்கள் ஆளோ ஒரு வியாழக்கிழமை எங்கள் சந்தைக்கு வந்து, யார் என்று சொல்லாமல் நூறு தேங்காய் வாங்கி எண்ணிப் பார்க்கலாம். நானே ஒரு நூறு அனுப்பிவைக்க நினைத்தேன். அது கைக்கூலியாகக் கருதப்படலாம் என்று பகவதியம்மாள் எச்சரித்ததால் அனுப்பவில்லை.

ஈ) சந்தைப் பாடத்தைத் தொடர அனுமதித்து, முடியுமானால் வேறு ஊர்ப் பள்ளிகளிலும் அந்தந்த ஊர்த் தொழிலைக் கொண்டு இப்படி ஒரு பிற்பகல் நடத்தலாமா என்று யோசிக்க வேண்டும். கடற்கரைப் பிள்ளைகள் மீனைக்கொண்டும் வயல்காட்டுப் பிள்ளைகள் நெல்லைக்கொண்டும் கணக்குப் படிக்கலாம். முதல் சில மாதம் வியாபாரிகள் புகார் எழுதுவார்கள். அதை இலாகா பொருட்படுத்த வேண்டாம் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

14. தங்கபாய் தேர்ச்சிப் பத்திரத்தை வைத்துக்கொள்ள மறுக்கிறாள். மற்றவர்களுக்குக் கிடைக்கும்போது தனக்கும் வந்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அது இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. தை 20 மாலை அந்த ஒரு பதிலைச் சொன்னபின் இன்று வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சோறு வைக்கிறாள், கணக்குப் புஸ்தகத்துக்குக் கோடு போட்டு வைக்கிறாள், பேசுவதில்லை. இது கல்வி இலாகாவின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயமல்ல என்பதை அறிவேன். ஆகையால் இதைப் பற்றி இம்மனுவில் ஒன்றும் கோரவில்லை.

மேலே கண்டதெல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. நாட்கள் குறைவாக இருப்பதால் தாமதமில்லாமல் உத்தரவிடும்படி மிகவும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு:
1. தங்கபாயின் தேர்ச்சிப் பத்திரம்.
2. பதின்மூன்று தாய்மாரின் ஒப்புதல். கைரேகை பன்னிரண்டு, கையெழுத்து ஒன்று. கையெழுத்து பகவதியம்மாளுடையது. மகள் கற்றுக்கொடுத்தது.

இடம்: ஈத்தவிளை
தேதி: கொல்லம் 1108 மாசி 12

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
ம. ராஜையன்
(கையெழுத்து)

அடித்தல் திருத்தல் விவரம்: ஒன்று. எட்டாம் பத்தியில் மிச்சம் “பன்னிரண்டு” என்று நான் எழுதியிருந்தது அடிக்கப்பட்டு, “பதினாலு” என்று பென்சிலால் திருத்தப்பட்டிருக்கிறது. மை காய்வதற்காக மனுவை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு நான் கடைக்குப் போயிருந்தபோது நடந்தது. திருத்திய எழுத்து என்னுடையதல்ல, என் மகளுடையது. திருத்தம் சரியானது.

ம. ராஜையன்